கூதிரும் யாமமும் வார்ப்பும்: காளிகேசப் பயணத் திட்டம் குறித்த திணையியல் ஆய்வு

தொல்காப்பியம் அரங்கேறியபோது கேட்டுப் பிழை பார்த்தவர் அதங்கோட்டாசான். அந்த அதங்கோடு எங்கள் விளவங்கோட்டுப் பக்கத்து அதங்கோடுதான் என்பது கன்னியாகுமரி மாவட்டத்தாரின் அசையாத நம்பிக்கை. ஆகவே, பதினாலு பேர் காட்டில் கூடாரம் அடித்துத் தங்கத் திட்டமிடுவதை ஆராய வெளியூர்க் கோட்பாடு எதையும் கடன் வாங்க வேண்டியதில்லை. முதல், கரு, உரி போதும்.

முதற்பொருள் நிலமும் பொழுதும். நிலம் காளிகேசம்: தடிக்காரன்கோணம், கீரிப்பாறை தாண்டி, ரப்பர் தோட்டம் ஓய்ந்து காடு தொடங்குமிடத்தில், ஆற்றங்கரையில் காளி கோயில். சிக்கல் பொழுதில். குறிஞ்சிக்குக் கூதிரும் யாமமும் உரியவை என்கிறார் தொல்காப்பியர். அதாவது ஐப்பசி, கார்த்திகை மாதத்து நடுச்சாமம். வனத்துறையின் இலக்கணம் வேறு. 2008இல் வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட சுமார் 402 சதுர கிலோமீட்டரில் யாமம் யானைக்கு உரியது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ மலையேறப் போனவர்களைப் பலிகொண்ட பிறகு, அனுமதியில்லாமல் மலையேறக் கூடாது என்று அரசு தனி விதிகளே வகுத்துவிட்டது. அது நியாயமும்கூட. நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது என்பது எங்கள் வாட்ஸப் குழுவுக்கு எட்டியது பதினேழாம் நாள். அதற்குள் கூடாரம் பச்சையா நீலமா என்பதில் இருவர் பேச்சை நிறுத்தியிருந்தார்கள்.

சரி, பகலில் போய் வரலாம் என்றானது. இடவப்பாதி மழை ஓய்ந்து ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன் ஓர் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியை நாள் குறிப்பதிலேயே செலவழித்தோம். ஐப்பசி பிறந்தது.

இனி கருப்பொருள். பறைக்கு ஒருவன் ஸ்பீக்கர் கொண்டுவருவதாகச் சொன்னான். காட்டில் அது கூடாது என்று முடிந்தது. அட்டைக்கு உப்பா மூக்குப்பொடியா என்பது தனி ஆய்வுக்குரியது. உணவில்தான் இக்கட்டுரையின் உயிர் இருக்கிறது. மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும் போதும் என்றது இளையோர் அணி. மூத்தவரான அண்ணாச்சி அவியல், எரிசேரி, துவரன், பாயசம் என்று கல்யாணப் பந்திக்கே ஜாபிதா போட்டார், பாயசம் வைக்க வார்ப்பு என்னும் பெரிய பாத்திரமும் சேர்த்து.

“வார்ப்பு எதுக்கு அண்ணாச்சி? குக்கர் போரும்லா?”

“குக்கர்ல வச்சா அது பாயசமாடே? காய்ச்சக்காரனுக்குள்ள கஞ்சி.”

வார்ப்பைத் தூக்க நாலு பேர் வேண்டும் என்று ஆள் சேர்த்தோம். ஆள் கூடியதால் பெரிய வார்ப்பு வேண்டியதாயிற்று. அதைத் தூக்க ஆறு பேர். எட்டுப் பேராகப் புறப்பட்ட திட்டம் பதினாலானது இப்படித்தான். மனித உறவுகளுக்கு இதில் பங்கு குறைவு. ஒருமனதாக நிறைவேறிய ஒரே தீர்மானம் மட்டிக்குலை, 2023இல் புவிசார் குறியீடு பெற்ற எங்கள் பழம். மட்டிப்பழ வாசனைக்கு யானை வரும் என்று ஒருவர் சொல்ல, அதுவும் போயிற்று.

உரிப்பொருள்: குறிஞ்சிக்குப் புணர்தல். குழுவில் இருந்ததோ ஊடல், அது மருதத்துக்குரியது. நாங்கள் நாஞ்சில் நாட்டார்; நாஞ்சில் என்றால் கலப்பை. கலப்பையின் பெயர் கொண்ட நாட்டான் மலையேறும்போது வயலையும் கூடவே சுமந்துதான் போவான். உரிப்பொருள் தவிர மற்றவை திணை விட்டுத் திணை மயங்கலாம் என்று தொல்காப்பியர் தாராளமாகவே விட்டிருக்கிறார். நாங்கள் அவர் விலக்கிய ஒன்றிலேயே கைவைத்தோம்.

குறித்த சனிக்கிழமை விடியலில் வடசேரி பஸ் நிலையத்துக்கு வந்தவர்கள் ஐந்து பேர். மற்ற ஒன்பது பேருக்கும் ஒன்பது காரணம். இரண்டு பேருக்கு ஒரே பாட்டி சீரியஸ். கீரிப்பாறை தாண்டியதும் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். ஆற்றில் வெள்ளம், யாருக்கும் அனுமதியில்லை. “சவம், இனி எங்க போக?” என்று திரும்பி, தடிக்காரன்கோணத்தில் சாயாவும் பழம்பொரியும் தின்றோம்.

வார்ப்புக்கு இரண்டு நாள் வாடகை கொடுத்தாயிற்று. அன்றிரவே அண்ணாச்சி வீட்டுப் பின்புறம் தார்ப்பாய் கட்டி அடுப்பு மூட்டினோம், தார்ப்பாய் நீலம். மழையில் விறகு பிடிக்கவே பத்து மணியானது. பாயசம் இறக்கும்போது வராத ஒன்பது பேரும் வந்திருந்தார்கள். காலம் கூதிர், பொழுது யாமம்.