ஒத்திக்கு வீடு பிடிப்பது எப்படி?

மதுரையில் ஒத்திக்கு வீடு பார்க்கப் போகிறவர், இன்சூரன்ஸ் என்ற சொல்லை வீட்டுக்காரர் முன்னால் எடுக்கவே கூடாது. "வீட்டுக்கு இன்சூரன்ஸ் போட்டிருக்காண்ணே?" என்று கேட்டால், தீ வைக்க வந்தவனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். பிறகு வாசலில் தொங்கும் திருஷ்டிப் பூசணியைக் காட்டி, "அது போதாதா தம்பி?" என்பார். போதும் என்று சொல்லிவிட்டு, மாத வாடகைக்குப் பதிலாக மொத்தமாகக் கொடுத்து, காலி செய்யும்போது திரும்ப வாங்க வேண்டிய ஒத்திப் பணம் ஐந்து லட்சத்தை எண்ணி வையுங்கள்.

வீடு கண்மாய்ப் பக்கமாக இருந்தால் விசேஷம். 2024 அக்டோபர் 25 அன்று கொட்டிய மழையில், கண்மாய்ப் பக்கத்துச் செல்லூர்க்காரர்களுக்கு, தண்ணீர் எங்கே என்று தேட வேண்டிய சிரமமே இருக்கவில்லை. வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. பிரிட்ஜ் மிதந்தால் பதற வேண்டாம். வீட்டுக்காரர் பாலிசி எடுத்திருப்பார், அதில் நம் சாமானும் சேர்ந்திருக்கும் என்று நம்பிக்கொண்டிருங்கள். சேராது. அவர் பாலிசி அவருடைய சுவருக்கு. 2021 ஏப்ரலிலிருந்து விற்கும் 'பாரத் கிருஹ ரக்ஷா'வில், குடியிருப்பவர் தம் சாமான்களுக்கு மட்டும் தனியாகப் பாலிசி எடுக்கலாம். தீ, இடி, வெள்ளம், நிலநடுக்கம் எல்லாம் அதில் அடக்கம்.

திருட்டும் உண்டு, ஆனால் திருடர் கொஞ்சம் ஒத்துழைக்க வேண்டும். வெள்ளமோ தீயோ வந்து ஏழு நாளுக்குள் அவர் வந்தாக வேண்டும். சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை பூட்டை உடைத்தால் கணக்கில் வராது. நகை வைத்திருப்பவர்கள் அதற்குத் தனியாகக் கட்ட வேண்டும்.

வீட்டுக்காரருக்கும் ஒரு யோசனை. வெள்ளத்தால் வீடு குடியிருக்க லாயக்கில்லாமல் போனால், இழந்த வாடகையையும் இந்தப் பாலிசி தரும். ஒத்திவிட்டவரிடம் சர்வேயர் வந்து "மாத வாடகை எவ்வளவு?" என்று கேட்கும்போது என்ன சொல்வது என்பதை மட்டும் இப்போதே யோசித்து வையுங்கள்.

இனி அந்த ஐந்து லட்சம். அது வீட்டுக்காரரிடம் பத்திரமாக இருப்பதாக நினைக்கிறீர்கள். முன்னால் இருந்தவரின் ஒத்தியை அதை வைத்துத்தான் திருப்பியிருப்பார். உங்களுடையது, அடுத்து வருகிறவர் கையில் இருக்கிறது. இடுப்பளவு தண்ணீர் நின்ற வீட்டுக்கு அவர் எப்போது வருவாரோ! பிரிட்ஜுக்குப் பாலிசி உண்டு, இதற்கு இல்லை.

ஒத்தி என்பது அடமானம்தான். நூறு ரூபாய் அடமானத்தையே பதிவு செய்யச் சொல்கிறது 1882ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டம். ஐந்து லட்சத்துக்கு முத்திரைத்தாளில் இரண்டு கையெழுத்தோடு நிறுத்திவிடாதீர்கள். வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு ஒருநாள் பத்திரப்பதிவு ஆபீசுக்குப் போய்வாருங்கள்.