எறும்பு இல்லாத புற்று

சிவகாசியில் எது கெட்டாலும் முதல் பழி பட்டாசுக்குத்தான். வேட்டியில் கறை, பாட்டிக்கு இருமல், மருமகனுக்குக் கோபம், எல்லாவற்றுக்கும் "காத்துல மருந்து கலந்திருக்குல்ல" என்பார்கள். எங்கள் வீட்டு ஏசி மூன்றாவது கோடையாக வெப்பக் காற்று விட்டபோது நானும் அதையே சொன்னேன்.

முந்தைய இரண்டு வருடமும் ஒருவர் வந்து, "கேஸ் தீந்திருச்சு" என்று நிரப்பிவிட்டுப் போனார். எரிந்து தீர்வதற்கு அது என்ன அடுப்பு சிலிண்டரா? மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வரும் சரக்கு. குறைந்தால் எங்கோ ஓட்டை என்று அர்த்தம். இது தெரியாமல் இரண்டு சித்திரைக்கு மொய் எழுதியிருக்கிறேன்.

இந்த முறை வந்த தம்பி முன்பு பட்டாசு ஆபீசில் இருந்தவர். காயிலைக் கழற்றி, நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவினார். அரை மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத காப்பர் குழாயில், கொசுவின் கண் அளவுக்கு ஒரு குமிழ் எழுந்தது.

"கந்தகம்தான தம்பி?" என்றேன், ஊர்ப்பெருமையோடு.

"கந்தக வாயுன்னா குழாய் கறுத்திருக்கும் அண்ணாச்சி. சாக்கடை வாயு பட்டாலும் அப்படித்தான். இது கறுக்கல." மூக்கை உறிஞ்சி அறையைச் சுற்றிப் பார்த்தார். "இந்த அலமாரி எப்பப் போட்டீங்க?"

என் புத்தக அலமாரி. புது பிளைவுட், வார்னிஷ், அதற்குள் பசை. மூடிய அறையில் அவை கசியவிடும் அமில ஆவி, காயிலில் கோக்கும் பனித்துளியில் கரைந்து, காற்றின் ஆக்சிஜனையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு செம்பைக் குடையுமாம். நேராகக் குடையாமல், புற்றுக்குள் எறும்பு போவதுபோலக் கிளைகிளையாக. அதனால் பொறியாளர்கள் வைத்த பெயரே எறும்புப் புற்று அரிப்பு. குடைகிற அமிலங்களில் ஒன்று ஃபார்மிக் அமிலம்; 1671இல் ஜான் ரே என்ற ஆங்கிலேயர் எறும்புகளை வாலையில் வடித்துக் கண்டது. எறும்பைக் கொதிக்கவிட்டவரை உலகம் அறிஞர் என்கிறது. நாங்கள் வெடியுப்பைத் தொட்டால் மட்டும் லைசென்ஸ் கேட்கிறது.

"ஓட்டையைப் பத்தவச்சிரலாமா?" என்றேன்.

"பத்தவச்சா பக்கத்துல இன்னொண்ணு வாயைத் தொறக்கும். காயிலையே மாத்தணும்."

சிவகாசியில் பத்தவைக்காதே என்று சொன்ன முதல் ஆள் அவராகத்தான் இருக்கும். ஜன்னலைத் தினமும் கொஞ்ச நேரம் திறக்கச் சொன்னார். வாசனைக்காக நான் ஊதுகிற ஸ்பிரேயையும் நிறுத்தச் சொன்னார்.

அடுக்களையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த அம்மாவின் காதில் 'எறும்பு' மட்டும்தான் விழுந்திருக்கிறது. மறுநாள் காலையில் பார்த்தால், புது காயில் போட்ட ஏசியைச் சுற்றிச் சுவரில் வெள்ளையாக எறும்புச் சாக்பீஸ் கோடு. நான்கு பக்கமும் அளந்து போட்டது.