முன்பதிவு இலக்கணம்: வட்டார ரயில் இயல்

ஐரோப்பாவுக்குச் சுற்றுலா கிளம்புகிறவர்கள் விசா கைக்கு வந்ததும் ஒரு பெரும் தத்துவச் சிக்கலில் விழுகிறார்கள். வட்டார ரயிலில் இருக்கையை முன்பதிவு செய்வதா, விட்டுவிடுவதா? வீடுகளில் நள்ளிரவுவரை நடக்கும் இவ்விவாதத்தைக் கல்விப்புலம் இதுவரை கண்டுகொள்ளவில்லை. அக்குறை நீக்க எழுந்தது இவ்வாய்வு.

ஐரோப்பிய ரயில்கள் மூவகைப்படும். அவை பதிய இயலாதன, பதிந்தே தீரவேண்டியன, விரும்பினால் பதியத்தக்கன என்க. இத்தாலியின் ரெஜியோனாலே வண்டிகளும், ஜெர்மனியின் ஆர்.பி., ஆர்.இ. எனும் வட்டார வண்டிகளில் பெரும்பாலானவையும் முதல் வகை. இடம் கண்டவர் அமர்வார், காணாதவர் நிற்பார். 2022 கோடையில் ஜெர்மனி மாதம் 9 யூரோவுக்கு வட்டாரப் பயணச்சீட்டு விற்றது. மூன்றே மாதத்தில் 5 கோடிக்கும் மேல் விற்றுத் தீர, கடற்கரைப் பக்கம் போன வண்டிகள் பிதுங்கின. அன்று முன்பதிவு இருந்திருந்தால் நன்றன்றோ எனின், அற்றன்று. பதிந்த இருக்கைவரை நடந்து போகவும் வழி வேண்டுமே.

இத்தாலியில் கவலைக்குரிய இடம் வேறு. காகிதச் சீட்டை நிலையத்துக் கருவியில் செருகி முத்திரை பதித்த பிறகே ஏறவேண்டும், தவறினால் அபராதம். இருக்கையை நினைத்து இரவெல்லாம் விழித்தவர்தாம் காலையில் முத்திரையை மறப்பவர் என்பது இவ்வாய்வாளரின் கருதுகோள். நிரூபிக்கும் உத்தேசம் இல்லை.

மூன்றாம் வகைக்குச் சான்று ஜெர்மனியின் ஐ.சி.இ. அது நெடுந்தூர விரைவு வண்டி ஆதலின், விரிவஞ்சி விடுத்தாம்.

சாத்திரம் சூடு பிடிப்பது சுவிட்சர்லாந்தின் பெர்னினா பாதையில்தான். செயின்ட் மோரிட்ஸிலிருந்து இத்தாலியின் டிரானோவரை 1910இல் முழுமையடைந்த இருப்புப்பாதை இது. பல்சக்கர உதவியின்றி 2,253 மீட்டர் உயரத்து ஓஸ்பிட்சியோ பெர்னினாவுக்கு ஏறி, புருசியோவில் வளைந்த கல்பாலத்தில் ஒரு வட்டமடித்து, 429 மீட்டருக்கு இறங்குகிறது. 2008 முதல் யுனெஸ்கோ பட்டியலிலும் இருக்கிறது. இதில் இரு வண்டிகள் ஓடுகின்றன. ஒன்று பெர்னினா எக்ஸ்பிரஸ்: கூரைவரை வளைந்த கண்ணாடி, கட்டாய முன்பதிவு, அதற்குத் தனிக் கட்டணம்; இரண்டாம் வகைக்குச் சான்று இதுவே. மற்றது ஏறக்குறைய மணிக்கு ஒன்றாக வரும் சாதாரண வட்டார வண்டி. இதற்குப் பயணச்சீட்டு போதும்.

இரண்டும் ஓடுவது ஒரே தண்டவாளத்தில். பனியாறும் ஒன்று, ஏரியும் ஒன்று, பாலமும் ஒன்று. எனில் கூடுதல் கட்டணம் எதற்கு? கண்ணாடிக்கு என்பர் முன்பதிவுவாதிகள். அக்கண்ணாடி திறவாது, ஆகவே பனிமலையைப் படம் எடுத்தால், அதன் நெற்றியில் உங்கள் முகமும் பதியும். வட்டார வண்டியின் பெட்டிகள் பலவற்றில் சன்னலை இறக்கிவிடலாம். வழியிலுள்ள அல்ப் க்ரூம் நிலையத்தில் இறங்கி ஒரு காபி குடித்துவிட்டு அடுத்த வண்டியைப் பிடிக்கலாம். மேகம் மூடியிருந்தால் புறப்பாட்டையே மதியத்துக்குத் தள்ளலாம். முன்பதிவு செய்தவருக்கோ இருக்கை உறுதி, மலை உறுதியில்லை. மேகத்துக்கு முன்பதிவு விதிகள் தெரியாது.

இவ்வளவு சொல்லியும் நம்மவர் மனம் ஒப்பாது. சொந்த ஊருக்குப் போக 60 நாளுக்கு முன்பே சீட்டுப் போட்டுப் பழகிய கைக்கு, பதியாத பயணம் பாதிப் பயணமாகவே படும். இது ஆய்வால் தீராத நோய் ஆகையால் மருந்தும் கூறப்படவில்லை.

புறனடை ஒன்று உண்டு. பத்துப் பேருக்குக் குறையாத கூட்டமாகப் போவோர் வட்டார வண்டிக்கும் முன்கூட்டிச் சொல்லிவைத்தல் நலம். இல்லையேல் மாமியார் ஒரு பெட்டியிலும் முறுக்கு டப்பா வேறொரு பெட்டியிலும் டிரானோ சேரும். ஏனையோர் காசை மிச்சம் பிடித்து, செயின்ட் மோரிட்ஸில் சற்று முன்னதாகவே ஏறி, வண்டி போகும் திசைக்கு வலப்பக்கச் சன்னலோரம் அமர்க.