இளவட்டக்கல்லும் எம்.பி.ஏ.வும்

வாலே, இப்படி உக்காரு. ஒங்க அம்மை காலையிலயே காதுல போட்டுட்டா. பிளஸ் டூ முடிச்ச பிள்ளை கினிசியாலஜியும் ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட்டும் படிக்கப் போகுதாம். ரொம்பச் சந்தோசம். உடம்பு எப்படி அசையுதுன்னு ஒரு படிப்பு, அசையுறவனை வச்சு எப்படிக் காசு பாக்கிறதுன்னு இன்னொரு படிப்பு. நம்ம வம்சத்துலயே சாப்பிட்ட தட்டைக் கழுவி வைக்கக்கூட அசையாதவன் நீ ஒருத்தன்தான். அசைவை ஆராய்ச்சி பண்ண ஒன்னை விட்டா ஆளு ஏது?

மூஞ்சியைத் தூக்காத. தாத்தன் கிண்டல் பண்ணுதான்னா உள்ளுக்குள்ள வெவகாரம் இருக்குன்னு அர்த்தம். அந்தப் பளபளப்புப் புஸ்தகத்தை இங்க குடு. ம்... முதப் பக்கத்துல ஒருத்தன் உடம்பு பூரா வயரை ஒட்டிக்கிட்டு மெஷின் மேல ஓடுதான். ரெண்டாம் பக்கத்துல ஒருத்தன் கோட்டு சூட்டோட காலி ஸ்டேடியத்தைப் பாத்துச் சிரிக்கான். ரெண்டு பேருக்கும் ஒரு பொட்டு வேர்வை இல்ல, கவனிச்சியா? வருஷ ஃபீஸு எங்க போட்டிருக்குன்னு தேடுதேன், அது மட்டும் கண்ணுல அகப்பட மாட்டேங்கு. வேர்வை அந்தப் பக்கத்துலதான் இருக்கும் போல. ஒங்க அப்பனோட வேர்வை.

சரி, படிப்புக்கு வருவோம். எந்திரி. அந்த வாளியைத் தூக்கு. 10 லிட்டர் தண்ணி, வாளிக் கனத்தை விட்டுட்டாலும் 10 கிலோ. கையைத் தொங்கப் போட்டுத் தூக்காத. முழங்கையை மடக்கு, முன்கை தரைக்குச் சமமா நிக்கட்டும். ஏன்லே நடுங்குது? ஒன் புஜத்துச் சதை முன்கை எலும்புல வந்து ஒட்டுத இடம் முழங்கை மூட்டுலேருந்து நாலஞ்சு சென்டிமீட்டர்தான். வாளி தொங்குதது 35 சென்டிமீட்டர் தள்ளி. கணக்குப் போடு. 10 கிலோ வாளிக்கு அந்தச் சதை எழுவது, எம்பது கிலோ இழுவை இழுத்தாகணும். ஆண்டவன் ஏன் இப்படி நட்டத்துக்குக் கட்டினான்னு கேக்கே. நட்டம் இல்ல. சதை ஒரு அங்குலம் சுருங்கினா உள்ளங்கை முக்கா சாண் நகந்துரும். பலத்தை விட்டுக்குடுத்து வேகத்தை வாங்கியிருக்கு உடம்பு. அதனாலதான் மனுசனால பந்தை எறிய முடியுது, கபடியில ஆளைத் தொட்டுட்டுக் கையை இழுக்க முடியுது. நெம்புகோல்னு முதல் வருஷத்துல ஒனக்குச் சொல்லித் தரப்போற பாடம் இதுதான். முடிஞ்சுது, கீழ வை. சிந்தாத, குழாயில தண்ணி வந்து ரெண்டு நாளாச்சு.

அடுத்த பாடம் மந்தையில கெடக்கு. நீ மேல ஏறி உக்காந்து செல்லு பாக்கியே, அந்த உருண்டைக் கல்லு. இளவட்டக்கல்லு. அதைத் தூக்கினவனுக்குத்தான் பொண்ணுன்னு ஒரு காலம் இருந்துது. இப்ப நீ அதுமேல உக்காந்துக்கிட்டே செல்லுலயே பொண்ணு பாக்கே, அது வேற கதை. வடலிவிளையில பொங்கலுக்கு இன்னமும் கல்லு தூக்குதாக, பொம்பளைப் பிள்ளைகளும் களத்துல எறங்குதுக. தூக்குத ஆளை நல்லாக் கவனிச்சிருக்கியா? எடுத்த எடுப்புல குனிஞ்சு தூக்க மாட்டான். குத்தவச்சு உக்காந்து, ரெண்டு கையையும் கல்லுக்கு அடியில கொடுத்து, முதல்ல முட்டிக்கு ஏத்துவான். அங்க ஒரு மூச்சு. அப்புறம் கல்லை மாரோட அணைச்சு, நெஞ்சுல உருட்டித் தோளுக்குக் கொண்டு போயி, பின்னால தள்ளி விடுவான். நெடுக கல்லு உடம்பை விட்டு விலகவே விலகாது. சுமை இடுப்பை விட்டு எவ்வளவு தள்ளிப் போகுதோ அவ்வளவுக்கு முதுகெலும்பு மேல பாரம் ஏறும்னு ஒன் புஸ்தகம் ஒரு அத்தியாயம் எழுதியிருக்கும். நம்ம ஆளு அதை ஒரு கெட்ட வார்த்தையோட ஒரே வரியில சொல்லிக் குடுத்தான்.

அப்ப படிப்பு எதுக்குன்னு வாயைத் திறக்காத, நானே சொல்லுதேன். நம்ம ஆளுகளுக்கு எப்படித் தூக்கணும்னு தெரியும், ஏன்னு தெரியாது. கல்லைத் தூக்கிக் குடல் எறங்கினவனுக்குத் திருஷ்டி கழிச்ச ஊரு இது. இப்ப கபடியும் கால்பந்தும் ஆடுத பொட்டைப்பிள்ளைகளைப் பாரு. குதிச்சு எறங்கும்போது முட்டி உள்பக்கமாச் சாயும், டப்புனு ஒரு சத்தம், மூட்டுக்குள்ள ஜவ்வு கிழிஞ்சிரும். ஏ.சி.எல்.னு சொல்லுதாகளே, அதுதான். ஒரே ஆட்டத்தை ஆடுத பயலுகளை விட அதுகளுக்கு இது ரெண்டு மடங்குக்கும் மேல வருது. ஆப்பரேஷன் பண்ணி மறுபடி களத்துல எறங்க ஒம்பது மாசம், ஒரு வருஷம் ஓடிரும். அதுக்குள்ள அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் பேசி முடிச்சிருப்பாக. முட்டியை மடக்கி, பாதத்துக்கு நேரா வச்சு எறங்கணும்னு பழக்கிவிட்டாலே இதை நல்லாக் குறைக்கலாம். ஃபிஃபா 11 பிளஸ்னு ஆட்டத்துக்கு முந்திச் செய்யுத 20 நிமிஷப் பயிற்சியே இருக்கு. சல்லிக்காசு செலவில்ல. நம்ம பள்ளிக்கூடத்து மைதானத்துல அதை எவனாவது செஞ்சு பாத்திருக்கியா? கினிசியாலஜி படிச்ச ஒருத்தன் ஊருக்கு வேணும்லே. அதை நான் மறுக்கல.

ஆனா அந்தப் பட்டத்தைக் கையில வச்சுக்கிட்டு எந்த வாசல்ல நொழைவே? இங்கதான் புஸ்தகம் போட்டவன் கமுக்கமா இருக்கான். நம்ம நாட்டுல கினிசியாலஜிங்கிறது பெரும்பாலும் பி.பி.எட்.ங்கிற உடற்கல்வி வாத்தியார் படிப்புல பயோமெக்கானிக்ஸோட சேர்ந்து வார ஒரு தாளு. தனியா அதுலயே முங்கிக் குளிக்கணும்னா மேல்படிப்புக்குப் போகணும். மேலக்கோட்டையூர்ல தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கு, அங்க விசாரி. வெறும் பி.எஸ்சி.யை வச்சுக்கிட்டுப் பள்ளிக்கூடத்துல பி.டி. வாத்தியார் ஆயிரலாம்னு கனவு காணாத. டிகிரிக்கு மேல ரெண்டு வருஷம் பி.பி.எட். வேணும், அதுவும் என்.சி.டி.இ. அங்கீகாரம் உள்ள காலேஜுல. அத்தனையும் முடிச்சு வேலைக்குப் போனா, ஒன் பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் கேட்டு வருவாரு. ஒனக்குப் பத்தாம் வகுப்புல நடந்துதே, மறந்துட்டியா? இன்னைக்கு வரைக்கும் ஒரு பீரியடாவது திருப்பிக் குடுத்தாரா?

முட்டிவலிக்காரனுக்கு நான் வைத்தியம் பாப்பேன்னு நேத்து பெருமையடிச்சியே, அதுவும் நடக்காது. அது பி.பி.டி. படிச்ச பிசியோதெரபிஸ்ட் வேலை, வேற படிப்பு, வேற பதிவு. கோச் ஆகணும்னா பாட்டியாலாவுல 1961-லேருந்து என்.ஐ.எஸ்.னு தேசிய விளையாட்டு நிறுவனம் இருக்கு, அங்க டிப்ளமா. அதுக்கும் முதல்ல நீ ஏதாவது ஒரு ஆட்டத்தை ஒழுங்கா ஆடியிருக்கணும். கேரம் போர்டு கணக்குல வருமான்னு எனக்குத் தெரியல.

கனடாவுக்கு அனுப்புதேன்னு ஒருத்தன் சொன்னானாமே? கினிசியாலஜிஸ்ட்டுன்னா அங்க டாக்டர் மாதிரின்னு ஒங்க அப்பன்கிட்ட அளந்து விட்டிருக்கான். பாதி நிசம்தான். ஒண்டாரியோ மாகாணத்துல 2013 ஏப்ரல்லேருந்து அது சட்டப்படி முறைப்படுத்துன தொழில். பரீட்சை எழுதி, அங்க உள்ள கழகத்துல பதிவு பண்ணினாத்தான் அந்தப் பேரையே போட்டுக்க முடியும். இந்தப் பரீட்சையைப் பத்தி அந்த ஆளு வாயைத் திறந்தானா? கமிஷன் கிடைக்குதது காலேஜுல சேர்த்துவிட்டா. நீ பாஸானாலும் ஃபெயிலானாலும் அவனுக்கு ஒண்ணுதான்.

இப்ப மேனேஜ்மென்ட்டு. இதுல எனக்கு ருசி உண்டு, கேளு. ஐ.பி.எல். 2008-ல வந்துது, புரோ கபடி 2014-ல வந்துது. மண்ணுல புரண்ட கபடி டி.வி.யில மேட்டுக்கு ஏறிச்சு, ஒடனே ஊருக்கு நாலு பேரு ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட்டுன்னு போர்டு மாட்டிட்டான். முதல் வருஷம் ஒன்னை இன்டர்ன்னு கூப்பிடுவாக. கழுத்துல தொங்குத அட்டை ஒண்ணு, டீ சர்ட்டு ஒண்ணு, மத்தியானம் பொட்டலச் சோறு, கடைசியில சர்டிபிகேட்டு. சம்பளம்? அனுபவம்தான் சம்பளம்னுவாக. அந்தச் சம்பளத்தைக் கொண்டு போயி மளிகைக்கடையில குடுத்துப் பாரு.

அதுக்கு முந்தி ஒரு நுழைவுத் தேர்வு நான் வைக்கேன். வார பொங்கலுக்கு நம்ம ஊரு கபடிப் போட்டியை நீ நடத்து. முதல்ல ஸ்டேஷன்ல அனுமதி. அடுத்து பிளக்ஸ். முதல் பரிசு உபயம், ரெண்டாம் பரிசு உபயம், சுழற்கோப்பை உபயம், சாப்பாடு உபயம்னு பதினோரு பேரு போட்டோ. இதுல எவன் தலை எவன் தலையை விடப் பெரிசுங்கிற பிரச்சினையை எந்த எம்.பி.ஏ.யும் தீர்த்ததில்ல. ராத்திரி ஆட்டம், லைட்டுக்கு ஜெனரேட்டர். டீசல் செமிபைனல்ல தீரும், எப்பவும் செமிபைனல்லதான் தீரும், அப்ப நடுவரு விசிலை வச்சுக்கிட்டு இருட்டுல நிப்பாரு. வெளியூர் டீமு ராத்திரி பத்து மணிக்கு வந்து சோறு இருக்கான்னு கேக்கும். தலைமை தாங்க வேண்டியவரு ஒம்பது மணிக்கு வாரேன்னுட்டுப் பதினொண்ணரைக்கு வருவாரு, வந்து ஒரு மணி நேரம் பேசுவாரு, பையனுக உடம்பு சூடாறி நிப்பானுவ. மறுபடி சூடேத்தாம ஆட விட்டா தொடையில பிடிச்சுக்கிடும். அந்த எடத்துல ஒன் ரெண்டு படிப்பும் ஒண்ணாச் சேருதுலே! மைக்கைப் பிடுங்கினா மேனேஜ்மென்ட்டு போச்சு, பிடுங்காட்டி கினிசியாலஜி போச்சு.

இந்த ரெண்டையும் ஒரே ஆளு சுமந்து காட்டியிருக்காரு. நந்தனத்துல ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இருக்குல்லா, அதை 1920-ல தொடங்கினவரு ஹாரி குரோ பக்குன்னு ஒரு அமெரிக்கக்காரரு. பிள்ளைகளுக்கு உடம்பைப் பத்திப் பாடமும் எடுத்தாரு, 1924-ல பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணிக்கு மேனேஜராவும் போனாரு. அப்ப இந்தப் பளபளப்புப் புஸ்தகம் எதுவும் கெடையாது.

பெரிய அளவுல பாக்கணுமா, 2022 செஸ் ஒலிம்பியாடை எடுத்துக்கோ. ரஷ்யாவுல நடக்க வேண்டியது, உக்ரைன் சண்டையால அங்கேருந்து எடுத்துட்டாக. மாமல்லபுரத்துக்குன்னு முடிவானது மார்ச்சுல, தொடக்க விழா ஜூலை 28. நாலு மாசத்துல 180-க்கு மேல நாட்டு ஆளுகளுக்கு விசா, ரூமு, பஸ்ஸு, சாப்பாடு. சதுரங்கத்துல காய் நகத்தினவன் பேரு பேப்பர்ல வந்துது. பஸ்ஸை நகத்தினவன் பேரு ஒனக்குத் தெரியுமா? நீ படிக்கப் போறது அந்த ரெண்டாவது ஆளு வேலை. பேரு வரணும்னு ஆசை இருந்தா இப்பவே வேற படிப்பு பாரு.

இன்னொரு ஆளையும் நீ சமாளிக்கணும், விளையாட்டுச் சங்கத் தலைவரு. களத்துல எத்தனை பேரு ஆடுவாகன்னு பக்கத்துல உள்ளவரைக் கேட்டுத் தெரிஞ்சுக்குவாரு. ஆனா நாற்காலி மட்டும் பரம்பரைச் சொத்து. 2025-ல தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம்னு கொண்டு வந்திருக்காக. நிர்வாகக் குழுவுல 15 பேருக்கு மேல கூடாது, நாலு பெண்களாவது இருக்கணும், ஆடிப் பேரு வாங்கினவங்களுக்கும் எடம் குடுக்கணும், தகராறு வந்தா அதுக்குன்னு தீர்ப்பாயம். நாற்காலிக்காரருக்கு இதெல்லாம் படிக்க நேரமிருக்காது. படிச்சு, கணக்கைச் சுத்தமா எழுதி, பைலைக் கட்டிக் கொண்டு போயி நீட்டுதவனுக்கு வேலை உண்டு. நான் பாத்த வரைக்கும் இந்தப் படிப்புல உருப்படியான பிழைப்பு அங்கதான் இருக்கு. ஸ்டேடியத்தைப் பாத்துச் சிரிக்கிறதுல இல்ல.

அதனால சேருததுன்னா சேரு, நான் குறுக்க நிக்கல. முதல்ல ஒரு டிகிரியை ஒழுங்கா முடி, கூடவே ஒரு ஆட்டத்தைப் பல்கலைக்கழக அளவுக்காவது ஆடு, அப்புறமா ஒடம்பா கணக்கான்னு முடிவு பண்ணு. ரெண்டையும் மூணு வருஷத்துல சேர்த்து முடிச்சுத் தாரேங்கிறவன்கிட்ட, போன வருஷம் படிச்சவன் எங்க வேலை பாக்கான்னு நாலு பேரு நம்பரைக் கேளு. குடுக்கலைன்னா வெளிய வந்துரு. பல்கலைக்கழகம் பேரு யு.ஜி.சி. பட்டியல்ல இருக்கான்னு பாக்காம ஒங்க அப்பனை ஒத்த ரூவா கட்ட விடாத.

அப்புறம் இதையும் கேட்டுக்கோ. காலேஜுல உடற்கல்வி இயக்குநர் வேலைக்கு முதுகலையில 55 சதவீதமும் நெட்டோ செட்டோ பாஸும் மட்டும் போதாது. யு.ஜி.சி. விதிப்படி ஓடியும் காட்டணும். 30 வயசு வரைக்கும் உள்ள ஆம்பளைன்னா 12 நிமிஷத்துல 1800 மீட்டர். கோயில் வாசல்லேருந்து கம்மா மடை 900 மீட்டர், போயிட்டுத் திரும்பினா கணக்குச் சரி. நாளைக்குக் காலையில அஞ்சரைக்குக் கோயில் வாசல்ல வாட்சோட நிக்கேன். வந்து சேரு.