பாம்புக்கு வயிறுதான் முக்கியம் மாப்ளே

வா மாப்ளே, உட்காரு. நீ கட்டுற கோப்ரா காருக்கு நீலத்துல எந்த நீலம், நடுவுல ஓடுற வெள்ளைக்கோடு எத்தனை அங்குலம்னு மாசக்கணக்கா நீயும் உன் சம்சாரமும் பேசி முடிச்சாச்சு. இன்ஜினுக்கு அடியில தொங்குற ஆயில் சேம்பருக்கு மட்டும் மாமன் ஞாபகம் வந்துருச்சாக்கும். எவன் கண்ணுலயும் படாத சாமான்னா மாமன்கிட்டத் தள்ளிவிட்டுர வேண்டியது.

இருக்கட்டும். அந்தக் கோப்ராவைப் பெத்த கரோல் ஷெல்பி மேல எனக்கு ஒரு பிரியம் உண்டு. டெக்சாஸ்காரர், கோழிப்பண்ணை வச்சு, கோழியெல்லாம் சீக்குல செத்து திவாலான ஆளு. பண்ணையில மாட்டுற கோடு போட்ட உடுப்போடயே ரேஸ் ஓட்டுவார். 1959-ல லெ மான்ஸ்லயும் ஜெயிச்சார். 1962-ல இங்கிலாந்துக்காரனோட ஏசி ஏஸ் வண்டிக்குள்ள ஃபோர்டு வி8-ஐ இறக்கி கோப்ரான்னு பேரு வச்சார். கோழியில விட்டதைப் பாம்புல பிடிச்சுட்டார். நீ மாசாசூசெட்ஸ் வேர்ஹாம்ல இருந்து ஃபேக்டரி ஃபைவ் கம்பெனியோட கோப்ரா கிட்டை வரவழைச்சு, பழைய மஸ்டாங் ஒண்ணைப் பிரிச்சு அதோட 302 வி8 இன்ஜினை ஸ்டாண்டுல மாட்டி வச்சிருக்க. விடுறதுக்கு உனக்குக் கோழியும் இல்ல. அதனால பார்த்துச் செய்.

முதல்ல இடத்தைப் பாரு. 1987-லருந்து 93 வரைக்கும் வந்த மஸ்டாங்ல சேம்பருக்கு ரெண்டு வயிறு. முன்னால சின்னது, பின்னால பெருசு, நடுவுல ஒரு பள்ளம். அந்தப் பள்ளம் குறுக்குச் சட்டத்துக்காக விட்டது. அறுபதுகள்ல வந்த மஸ்டாங்குக்கு வயிறு முன்னால மட்டும். ‘அதுவும் 302, இதுவும் 302’ன்னு கடைக்காரன் அதைத் தள்ளுபடியில தலையில கட்டுவான். உன் சட்டத்துல வச்சா ஸ்டியரிங் ரேக்கோட மல்லுக்கு நிக்கும். ஃபோர்டோட இன்னொரு வி8 ஆன 351 விண்ட்சரோட சேம்பர்னா இன்ஜின்லயே உட்காராது. ரெண்டும் ஒரே குடும்பம்தான், ஆனா ஒருத்தன் சட்டை இன்னொருத்தனுக்குப் பத்தாது.

அப்புறம் உன் ஆசைக்கு வருவோம். எட்டு குவார்ட் கொள்ற, பளபளன்னு குரோம் பூசின ஆழச் சேம்பரைப் படத்துல காட்டுறியே, அதைப் பார்க்க யாரு கீழே படுக்கப் போறா? ரோடுதான் பார்க்கும், நக்கியும் பார்க்கும். உன் வண்டிக்கு அடியில ஓடுற 4 அங்குல வட்டக் குழாய் ரெண்டுதான் எல்லைக்கோடு. சேம்பர் அதுக்குக் கீழே ஒரு விரல் தொங்கினாலும், சூப்பர் மார்க்கெட் வேகத்தடையில முதல் அடி அதுக்குத்தான். இரும்புத் தகடுன்னா நெளியும், தட்டி நிமித்தலாம். அலுமினிய வார்ப்புன்னா விரிசல் விட்டு, வீடு வரைக்கும் ரோட்டுல எண்ணெய்க்கோலம் போட்டுக்கிட்டு வரும். எண்ணெய் கூடுதலா வேணும்னா ஆழத்தை விட்டுட்டு அகலத்துல கேளு. ரெண்டு பக்கமும் காது வச்ச சேம்பர் விக்கிறாங்க.

இப்ப நெசத்தைச் சொல்லு. வண்டியை ரேஸ் தடத்துக்குக் கொண்டுபோவியா, இல்ல ஐஸ்கிரீம் கடை வரைக்குமா? சிரிக்காத, விஷயம் அதுலதான் இருக்கு. எடை ஒரு டன்னைச் சுத்தி நிக்கிற வண்டி, ஒட்டுற டயர். வளைவுல 1 ஜி வாங்கினா உள்ளே எண்ணெய் மட்டம் 45 டிகிரி சாய்ஞ்சு நிக்கும். இலையில ஊத்தின ரசம் மாதிரி ஒரு ஓரமா ஓடிரும். உறிஞ்சுற குழாய் பின்வயித்துல இருக்கு. அழுத்திப் பிரேக் பிடிச்சா எண்ணெய் முன்னால போக, குழாய் காத்தை உறிஞ்சும். பேரிங்குக்கு அந்தக் கொஞ்ச நேரமே எமகண்டம். அதுக்குத்தான் உள்ளே தடுப்புத் தகடும், ஒரு பக்கமா மட்டும் திறக்கிற குட்டிக் கதவும் வைக்கிறாங்க. தடம் உண்டுன்னா கதவு வச்சதை வாங்கு. ஐஸ்கிரீம் மட்டும்னா மஸ்டாங்கோட பழைய அஞ்சு குவார்ட் சேம்பரைக் கழுவி, நெளிவு எடுத்து மாட்டு. மானம் ஒண்ணும் போயிராது. ட்ரை சம்ப்னு உன் கூட்டாளி ஏத்திவிட்டானாமே, தனித் தொட்டி, தனி பம்ப்னு? அவன் வண்டிக்கு முதல்ல போடட்டும், நாம போய் வேடிக்கை பார்ப்போம்.

சேம்பரை மாத்தினா குழாயையும் சோடியா வாங்கணும், இதை மறந்துராத. குழாயோட வாய்க்கும் சேம்பர் தரைக்கும் நடுவுல கால் அங்குலத்துல இருந்து எட்டுல மூணு அங்குலம் வரைக்கும் இருக்கணும். ஒட்டி நின்னா எண்ணெய் வராது, எட்டி நின்னா காத்து வரும். பிள்ளைக விளையாடுற களிமண்ணைக் கொஞ்சம் உருட்டிக் குழாய் வாயில ஒட்டு. கேஸ்கெட்டோட சேம்பரை வச்சுத் திருப்பி எடு. அமுங்கின களிமண்ணைப் பிளேடால வெட்டி அளந்து பாரு. அப்புறம், அந்தக் குழாயைத் தாங்குற பிராக்கெட்டுக்கு மெயின் கேப்புல தலையில மரை வச்ச ஸ்டட் ஒண்ணு வேணும். அது இல்லாம ஆடவிட்டா, குழாய் அதிர்ந்து அதிர்ந்து கடைசியில முறிஞ்சு விழும்.

இதையெல்லாம் இன்ஜின் ஸ்டாண்டுல இருக்கும்போதே முடிச்சிரு. சட்டத்துக்குள்ள இறக்கிட்டா குறுக்குச் சட்டம் மறிச்சுக்கும், சேம்பரைக் கழட்ட இன்ஜினையே தூக்க வேண்டி வந்தாலும் வரும். கடைசியா, புதுச் சேம்பருக்குப் பழைய டிப்ஸ்டிக் பொய் சொல்லும். எண்ணெயை அளந்து ஊத்தி, வண்டியைச் சமதரையில நிறுத்தி, ஓடவிட்டு அணைச்சு, கொஞ்சம் பொறுத்துக் கம்பியில புதுக்கோடு கீறிக்க. கீறுறதை நீயே செய். உன் மச்சினன் கையில அரத்தைக் குடுத்துராத, அவன் பேரைச் செதுக்கிருவான்.