எப்ப பயணம்?

சேத்தியாத்தோப்பு தாண்டி வீராணம் ஏரிக்கரையில் விடியற்காலை ஒரு கார் வருகிறது. மேலே கேரியரில் அட்டைப்பெட்டிகள். குறுக்கும் நெடுக்குமாக நைலான் கயிறு, பெட்டியின் நாலு பக்கமும் மார்க்கர் பேனாவில் பெயர், ஊர், செல்போன் எண். கல்கி தன் ‘பொன்னியின் செல்வ’னில் வந்தியத்தேவனைக் குதிரையில் கொண்டுவந்து நிறுத்திய அதே ஏரிக்கரைதான். அவன் இடுப்பில் ஓலை இருந்தது. காரில் வருகிறவர் சட்டைப்பையில் பாஸ்போர்ட் இருக்கிறது. மற்றபடி இரண்டு பேரும் ராத்திரி சரியாகத் தூங்காதவர்கள்.

லால்பேட்டையில் இறங்கி, குளித்து, அத்தர் பூசி, பள்ளிவாசலுக்குப் போய்விட்டு டீக்கடைக்கு வருகிறார். முதல் கேள்வி வருகிறது.

“எப்ப வந்தீங்க பாய்?”

“இன்னிக்குக் காலையிலதான்.”

“அல்ஹம்துலில்லாஹ். எப்ப பயணம்?”

இரண்டு கேள்விக்கும் நடுவில் மாஸ்டர் ஒரு டீயை ஆற்றி முடித்திருக்க மாட்டார்.

கேட்டவருக்கு இவரை விரட்டும் எண்ணம் கடுகளவும் கிடையாது. லால்பேட்டையில் அது குசல விசாரிப்பு. ‘சாப்பிட்டீங்களா’ என்று கேட்பது போலத்தான். ஆனால் அந்தப் ‘பயணம்’ என்ற சொல்லைப் புரிந்துகொள்ள அகராதியை நம்பினால் ஆபத்து. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போவது பயணம் என்கிறது அகராதி. ஊர்வழக்கில் சிதம்பரம் போவது பயணம் இல்லை. அது ‘சிதம்பரம் வரைக்கும் போயிட்டு வர்றது’. சென்னைக்குப் போவதும் பயணம் இல்லை. மக்காவுக்கே போனாலும் அது ‘ஹஜ்ஜுக்குப் போறது’. துபாய், சவூதி, குவைத், சிங்கப்பூர், மலேசியா என்று சம்பாதிக்கப் போனால்தான் பயணம். காட்டுமன்னார்கோயிலுக்கும் சிதம்பரத்துக்கும் நாள் முழுக்கப் பஸ் ஓட்டுகிறவர் பயணத்தில் இல்லை. துபாய் தேராவில் ஒரு கடைக்குள் 12 மணி நேரம் நின்ற இடத்தைவிட்டு அசையாமல் நிற்கிறவர்தான் ‘பயணத்துல’ இருக்கிறார்.

“அத்தா எங்கடா?” என்று கேட்டால் பையன் “பயணத்துல” என்பான். நாட்டின் பெயர் தேவையில்லை. பெண் பார்க்கும் வீட்டில் “மாப்பிள்ளை பயணத்துலதான் இருக்கார்” என்றால் பாதிப் பேச்சு முடிந்தது. “பயணம் சொல்ல வந்தேன்” என்றால் விடைபெற வந்திருக்கிறார் என்று பொருள். கீழே நாகூர், காரைக்கால் பக்கம் போனால் இதே ஆளுக்குச் ‘சபுராளி’ என்று பெயர். ‘சஃபர்’ என்றால் அரபியில் பயணம். அதே சொல் அரபு வணிகர்களோடு கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போய், சுவாஹிலியில் ‘சஃபாரி’ ஆனது. வெள்ளைக்காரர்கள் அதைச் சிங்கம் பார்க்கப் போவதற்கு வைத்துக்கொண்டார்கள். நம் ஆட்கள் விசா கொடுக்கும் முதலாளியான கஃபீலைப் பார்க்கப் போவதற்கு வைத்துக்கொண்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இது ஓதிப் படித்த ஊர். ஜாமிஆ மன்பவுல் அன்வார் அரபிக் கல்லூரி இங்கேதான் இருக்கிறது. யார் பயணி என்பதற்கு ஹனஃபி சட்டத்தில் தெளிவான கணக்கு உண்டு. தொலைதூரம் போய், ஓரிடத்தில் 15 நாளுக்குக் குறைவாகத் தங்க நினைத்தால் அவர் பயணி. நாலு ரக்அத் தொழுகையை இரண்டாகச் சுருக்கித் தொழ வேண்டும். சொந்த ஊர் எல்லைக்குள் கால் வைத்துவிட்டால், ஒரே நாள் தங்கினாலும் அவர் பயணி இல்லை, நாலு நாலுதான். துபாயிலும் அறை எடுத்து வருடக்கணக்காகத் தங்குவதால் அங்கேயும் நாலுதான். ஆகச் சட்டப்படி அவர் பயணியாக இருப்பது நடுவில் காரிலும் விமானத்திலும் உட்கார்ந்திருக்கும் அந்தச் சில மணி நேரம் மட்டும். டீக்கடைச் சட்டம் வேறு. அங்கே அவர் வந்த நிமிடத்திலிருந்து பயணிதான்.

முதல் வாரம் அவருக்கு ராஜமரியாதை. அத்தர் வாசனையும் பேரீச்சம்பழமும் கோடாலித் தைலமும் வீடு வீடாகப் போய்ச் சேரும். பேச்சுக்கு நடுவில் ‘கல்லி வல்லி’ என்பார். வளைகுடா அரபியில் ‘விட்டுத் தள்ளு’ என்று பொருள். கரண்ட் போனாலும் கல்லி வல்லி, மச்சான் கடனைத் திருப்பாவிட்டாலும் கல்லி வல்லி. இரண்டாவது சங்கதியை மட்டும் வீட்டுக்காரம்மா விட்டுத் தள்ளமாட்டார்.

மூன்றாவது வாரம் கேள்வி லேசாக மாறும்: “இன்னும் லீவு இருக்கா?” இரண்டு மாதம் தாண்டினால் குரல் தணியும்: “என்ன பாய், கேன்சலா?” ‘கேன்சல்’ என்றால் விசாவை முடித்துக்கொண்டு ஒரேயடியாக வந்துவிட்டது. அமீரக விசாக்காரர் பொதுவாக 6 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் விசா செல்லாது என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவர் மறந்தாலும் டீக்கடை கணக்கு வைத்திருக்கும்.

கிளம்பும் வாரம் பெட்டி கட்டுவது தனிப் படலம். டிக்கெட்டில் 30 கிலோ. கையில் தூக்கிப் பிடித்து நிறுக்கும் சின்னத் தராசில் பெட்டியை மாட்டினால் முள் 29இல் நிற்கும். அப்போதுதான் எதிர்வீட்டு மாமி வருவார்.

“தம்பி, சின்னப் பார்சல்தான். நம்ம புள்ளைக்கு.”

சின்னப் பார்சலுக்குள் நார்த்தங்காய் ஊறுகாய், முறுக்கு, கருவாடு, கறிமசாலா. மறுத்தால் உறவு போய்விடும். வாங்கினால் பெட்டி எடை ஏறிவிடும். அவர் சிரித்துக்கொண்டே வாங்கி, மாமி தலை மறைந்ததும் தன் சட்டை இரண்டை வெளியே எடுப்பார். கூடவே மசாலாவைப் பிரித்து முகர்ந்து பார்ப்பார். “கசகசா சேர்த்திருக்காங்களான்னு கேளு!” கசகசாவோடு துபாய் விமான நிலையத்தில் இறங்கினால் நேராகச் சிறைதான் என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. வெற்றிலைக்கும் அங்கே தடை. லால்பேட்டையைச் சுற்றிக் கொடிக்கால் கொடிக்காலாக விளைகிறது. ஊரில் பாதி ஆண்கள் போகிற இடத்துக்கு ஊர் வெற்றிலைக்கு மட்டும் விசா கிடையாது. ஏரித் தண்ணீர்கூட 2004 முதல் குழாய் வழியாகச் சென்னைக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

ஒருநாள் டீக்கடையில், லீவில் வந்த ஒரு இளைஞன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவரைப் பார்த்து எழுந்து சலாம் சொன்னான். முன்பு சார்ஜாவில் பக்கத்து அறைக்காரராக இருந்தவர்.

“எப்ப வந்தீங்க பாய்?”

“நாலு வருஷமாச்சுப்பா.”

பையன் ஒரு கணம் யோசித்தான். பழக்கம் விடவில்லை.

“அப்ப... எப்ப பயணம்?”

“கல்லி வல்லி. டீ சொல்லு.”