ஒழுக்குடைமை

இக்கட்டுரை என்னுதலிற்றோ எனின், வேனின் பவர் ஸ்டியரிங் ஹோஸ் ஒழுகுமாற்றையும் அதை நிறுத்துமாற்றையும் உணர்த்துதல் நுதலிற்று. ஆய்வுக்களம் தூத்துக்குடி. ஆய்வுப்பொருள், சாதாரண நாளில் பன்னிரண்டு பேரும் வைகாசி விசாகத்தன்று இருபது பேரும் உட்காரும் ஒரு வேன். ஆய்வாளன் அதன் உரிமையாளன். ஆகவே நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

ஒழுக்குக்கும் ஒழுக்கத்துக்கும் இடையே நிற்பது ஓர் 'அம்' மட்டுமே. பின்னதற்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே வைத்தார். முன்னதற்கு யாரும் வைக்காததால் அடியேன் ஒரு சூத்திரம் செய்தேன்:

கசிவெனப் படுவது கண்ணிற் படாது
தரையிற் பட்டபின் தானே தெரியும்.

தளை தட்டினால் பொறுத்துக்கொள்க. ஹோஸே தட்டுகிறபோது தளை எம்மாத்திரம்.

இனி வரலாறு. பிரான்சிஸ் டேவிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1926-இல் பியர்ஸ் ஆரோ கார் ஒன்றில் பவர் ஸ்டியரிங்கைப் பொருத்திக் காட்டினார். கார் கம்பெனிகள் கால் நூற்றாண்டு யோசித்தன. 1951-இல் கிரைஸ்லர் இம்பீரியல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எஞ்சின் பெல்ட்டால் சுற்றும் ஒரு பம்ப், ஆயில் டப்பா, பம்பிலிருந்து ஸ்டியரிங் பெட்டிக்குப் போகும் ஹோஸ் ஒன்று, அங்கிருந்து டப்பாவுக்குத் திரும்பும் ஹோஸ் ஒன்று, அவ்வளவுதான் கருவி. திரும்பும் ஹோஸ் சாது. போகும் ஹோஸ்தான் ஆளைக் கொல்வது. அதில் ஆயில் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோவை ஒட்டிப் போகும். நம் முத்துப்பார்கள் பத்துப் பாகம் ஆழம் என்று வைத்தால், மூச்சடக்கிக் குளிப்பவர் மேல் கடல் ஏற்றும் பாரம் 2 கிலோகூட வராது. 100 கிலோ வேண்டுமென்றால் ஆயிரம் மீட்டர் இறங்க வேண்டும். திருச்செந்தூர் கோயில் பார்க்கிங்கில் என் டிரைவர் ஸ்டியரிங்கை ஒடிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த முழநீள ரப்பர் குழாய் ஆயிரம் மீட்டர் இறங்கி ஏறுகிறது. அதற்கு முத்தும் கிடைப்பதில்லை, சங்கும் கிடைப்பதில்லை.

கொற்கைக் காலம் தொட்டு இக்கரையில் உருண்டையான பொருள்களைத் தரம் பிரிக்கும் பழக்கம் உண்டு. துளையிட்ட பித்தளைச் சல்லடைகளில் முத்தைச் சலித்து, ஆணி என்றும் குறுவல் என்றும் தூள் என்றும் பெயரிட்டார்கள். அம்முறையையே வேனுக்கு அடியில் விழும் செந்துளிக்கும் ஏற்றினேன். ஹோஸ் முனையில் ஈரம் கண்டு அதில் புழுதி அப்பிக் கிடப்பது தூள். காலையில் தரையில் ஒற்றைச் சொட்டு இருப்பது குறுவல். ஒரு ரூபாய் அகலத்துக்குத் தேங்கி, ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் 'ங்கொய்' என்று முனகல் கேட்டால் அது ஆணி. 1961-உடன் இக்கடலில் முத்துக்குளிப்பு நின்றது. 1973-இல் வேப்பலோடையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்குள் கரு வைத்து வளர்ப்பு முத்து எடுத்தார்கள். என் வேன் எந்தக் கருவும் வைக்காமலே தினம் ஒன்று தந்தது.

துளி முத்தா போலியா என்று அறிய நேற்றைய தினத்தந்தியே உரைகல். இரவில் வேனின் மூக்குக்குக் கீழே விரித்துவிட்டுப் படுக்க வேண்டும். பெரும்பாலும் சிவப்பு ஸ்டியரிங் ஆயில், கறுப்பு எஞ்சின் ஆயில், பச்சை ரேடியேட்டர். நிறமில்லாமல் நனைந்திருந்தால் ஏசித் தண்ணீர். அதற்கு நிம்மதியாகத் தூங்கலாம்.

சித்தாந்த நூலோர் வழியில் முதலில் பரபக்கம், அதாவது பிறர் மதம் மறுத்தல். எம்சீல் மதத்தார் சந்து கண்ட இடமெல்லாம் அப்புவர். 100 கிலோ அழுத்தம் அதைப் பொருட்படுத்துவதில்லை. சைக்கிள் டியூப் மதத்தார் கிழித்துச் சுற்றிக் கட்டுக்கம்பி போடுவர். ஆறுமுகநேரி வரை தாங்கும். மூன்றாவது டாப்-அப் மதம். ஆள்பலம் மிகுந்தது, நானும் ஒரு வருஷம் அதில் இருந்தவன். ஒழுகினால் ஊற்று, ஊற்றினால் ஓடும் என்பது அதன் மகாவாக்கியம். ஊற்றின காசுக்கு இரண்டு ஹோஸ் வாங்கியிருக்கலாம். அது போக, அந்த ஆயில்தான் பம்புக்கும் மசகு. அது குறைந்தால் பம்ப் காற்றைக் குடித்துத் தேயும். சூடான சைலன்சரில் சொட்டினால் புகையும், சமயத்தில் தீயும் பிடிக்கும்.

சுபக்கத்தை, அதாவது நம் மதத்தை, எனக்கு உபதேசித்தவர் ஒரு மெக்கானிக். வேனுக்கு அடியில் படுத்தபடியே அவர் சொன்னது: "அண்ணாச்சி, ரப்பர் போகல. ரப்பரக் கவ்விட்டு இருக்க இரும்புதான் போயிருக்கு. இங்க பாருங்க." ஸ்குரூ டிரைவர் முனையால் அந்த உலோகப் பூணைச் சுரண்டினார். துரு, பொரித்த அப்பளம் மாதிரி ஏடு ஏடாகக் கழன்று விழுந்தது. நான் விரலை நீட்டினேன். "கைய வைக்காதிய! எஞ்சின் ஓடுறப்ப ஊசி மாதிரி தோலுக்குள்ள இறங்கிரும்." ஓர் அட்டைத் துண்டை நீட்டிப் பீய்ச்சும் இடத்தைக் காட்டினார்.

துருவுக்குக் காரணம் தேடி நூலகம் போக வேண்டியதில்லை. முள்ளக்காடு தாண்டினால் இருபுறமும் உப்பளம். கொண்டல் வீசும் நாளில் கண்ணாடியை நக்கினால் கரிக்கும் (ஆய்வுக்காக நக்கியிருக்கிறேன்). உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு பெயின்ட் உரிந்த இடத்தில் இரும்பைத் தின்கிறது. அடுத்த காரணம் என் டிரைவர். "ஃபுல் கட் அடிச்சிட்டு அப்படியே பிடிச்சிக்கிட்டு நிக்கான் பாருங்க, அப்பதான் பிரஷர் உச்சத்துக்குப் போவுது," என்றார் மெக்கானிக். டிரைவர் வானத்தைப் பார்த்தான்.

துறைமுகமும் விசைப்படகும் இருக்கிற ஊரில் ஹோஸ் கிரிம்பிங் கடைக்குப் பஞ்சமில்லை. பழைய ஹோஸைக் கொண்டுபோய், அதே அளவில், அதே அழுத்தத்துக்கு, புதுப் பூண் வைத்து அழுத்தித் தரச் சொல்ல வேண்டும். போகும் ஹோஸில் கிளிப் போட்டுச் சமாளிப்பது நடக்காது. திரும்பும் ஹோஸ் என்றால் வேலை லேசு: நீளம் இடம் கொடுத்தால் முனையில் விறைத்த அரை அங்குலத்தை அறுத்துவிட்டுப் புதுக் கிளிப் போடலாம். மாற்றுவதானால் ஆயில் தாங்கும் ரப்பர் வேண்டும். தண்ணீர் டியூப் ஊறிப் பிய்ந்துவிடும். போகும் ஹோஸைப் பிடிக்கும் போல்ட்டில், ஹோஸ் முனை வளையத்தின் இருபுறமும் வரும் செம்பு வாஷரைப் புதிதாகப் போடுவது முறை. கிடைக்காத ஞாயிற்றுக்கிழமையில் மெக்கானிக் பழையதையே நெருப்பில் சிவக்கக் காய்ச்சி இளக்கிப் போட்டார். செம்புப் பாத்திரம் அடிப்பவர்கள் காலங்காலமாகச் செம்புக்குச் செய்யும் அதே வேலை.

பிறகு காற்றெடுத்தல். முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, எஞ்சினைப் போடாமல், ஸ்டியரிங்கை இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை இருபது தடவை மெள்ளத் திருப்ப வேண்டும். டப்பாவில் ஆயில் இறங்க இறங்க ஊற்றுவது ஒருவர், திருப்புவது இன்னொருவர். நுரை அடங்கினால்தான் எஞ்சினைப் போடலாம். திருப்பும் வேலையை டிரைவரிடம் கொடுத்தேன். இருபதையும் சத்தமாக எண்ணச் சொன்னேன்.

இப்போது உப்பளத் தடத்தில் போய்வந்த வாரமெல்லாம் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுகிறோம். ஹோஸ் எதிலாவது உரசுகிறதா என்று பார்த்து, உரசினால் பட்டை போட்டுத் தள்ளிக் கட்டுகிறோம். கோடி வரை ஒடித்தால் உடனே விரற்கடை தளர்த்த வேண்டும் என்று டேஷ்போர்டில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

வேன் வைத்திருக்கும் அண்ணாச்சிமாரே, இன்றைக்குப் படுக்கும் முன் ஒரு பழைய பேப்பரை அடியில் விரித்துவிட்டுப் படுங்கள். காலையில் சிவப்பாக இருந்தால் ஆயில் டின்னை எடுக்காதீர்கள், டார்ச்சை எடுங்கள்.